அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே அழையுங்கள்

2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். வெளியே தூறல். சட்டையைத் தேய்த்து மாட்டினேன். காப்பி போட்டேன். நாட்குறிப்பில் முந்தின நாளுக்கான வரிகளை எழுதினேன்: ஞாயிறு, மேருவில் ஒரு வீட்டுக்கு நூற்று இருபது பேருக்குச் சைவச் சாப்பாடு. சாம்பார் மிஞ்சவில்லை, கூட்டு கொஞ்சம் மிஞ்சியது. மனைவிக்கு இடது தோளில் வலி, தைலம் தேய்த்தேன். இதை எழுதி முடிக்கும்போது அவள் எழுந்து வந்து, என் காப்பியில் பாதியைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றாள். இது தினமும் நடப்பது. அவளுக்கென்று தனியாக ஒரு கோப்பை போட்டு வைத்தாலும் என்னுடையதைத்தான் எடுப்பாள்.

ஏழு மணிக்குக் காரில் கிளம்பினோம். கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்குப் பின்வரிசையில் இருக்கிறது அவளுடைய சமையல் கடை. அங்கே மேசை நாற்காலி போட்டு யாருக்கும் பரிமாறுவதில்லை. விசேஷங்களுக்குச் சமைத்து, வீட்டுக்கோ மண்டபத்துக்கோ கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில். திங்கட்கிழமை சமையல் கிடையாது, அன்று பாத்திரங்களின் நாள். அவளும், அவளோடு வேலை செய்யும் ஆன்டியும் அண்டாக்களையும் வாளிகளையும் தேய்த்துக் கழுவிப் பின்பக்கச் சந்தில் கவிழ்த்து வைப்பார்கள். அவளை இறக்கிவிட்டுவிட்டு நான் போர்ட் கிள்ளானுக்குப் போனேன். அங்கே ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை.

கடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனைவி பல வருடம் மேருவில் ஒரு கையுறை ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தாள். சொந்தக்காரர்களின் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கப் போய், அது பெருகி, ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிட்டுக் கடையை எடுத்தாள். அவளுடைய பழைய மேலாளர் நல்ல மனிதர், ஆண்டு இறுதிவரை அவள் இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஆகவே எங்களுக்குள் ஒரு பேச்சு: தீபாவளி வரை பார்ப்பது. அதற்குள் சனி ஞாயிறுகள் நிரம்பத் தொடங்கினால் கடை நிற்கும். இல்லாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஆலைக்குப் போவாள். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு ஆலையின் சீருடையை அவள் அலமாரியிலிருந்து எடுத்து எங்கோ கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டதை நான் கவனித்தேன்.

அவள் சமைப்பது, ஆட்களைத் தேடிக் கொண்டுவருவது நான் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். எனக்கு இணைய விளம்பரம் பற்றி ஒன்றும் தெரியாது. எதையும் முறையாகப் படித்துவிட்டுத்தான் தொடுவது என் வழக்கம். அதனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு பூக்கடைக்கு மாடியில் நடந்த சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, நடந்து போவேன். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். எந்தப் பாடம் நடந்தாலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "எல்லாம் சரி டீச்சர், விலைய போடறதா வேணாமா?"

பயிற்சி கொடுத்தவர் என் வயதில் பாதிகூட இல்லாத பெண். வேகமாகப் பேசுவார், தெளிவாகவும் பேசுவார். "வாங்கறவங்க நாலு படி ஏறணும் அங்கிள். மொதல்ல உங்களப் பாக்கணும். அப்புறம் கேக்கணும். அப்புறம் வாங்கணும். கடைசியா, திரும்பி வரணும். நாலாவது படிய எல்லாரும் மறந்துடறீங்க. புது ஆளத் தேடறதவிடப் பழைய ஆளக் கூப்புடறது லேசு லா."

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் கப்பல் அட்டவணை போடுவது போல ஒரு பெரிய தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். மனைவி அதை நின்று படித்தாள். "இதுல உப்பு எங்க போடறதுன்னு எழுதலையே" என்றாள்.

முதல் கட்டமே தகராறு. வரைபடச் செயலியில் கடையைக் குறித்தபோது புள்ளி சற்று நகர்ந்துவிட்டது. இரண்டு வாரம் எங்களைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் டயர் கடைக்குப் போனார்கள். அந்தச் சீன முதலாளி ஒருநாள் பின்பக்கம் வந்து, வளைகாப்புக்கு விலை கேட்டுத் தன்னிடம் ஒரு பெண்மணி சண்டை போட்டதாகச் சொன்னார். அதைச் சரிசெய்து, முகநூலில் காசு கட்டி ஒரு விளம்பரம் விட்டேன். எங்களைச் சுற்றி இத்தனை தூரத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும் காட்டு என்று கொடுத்தேன். அந்தச் சுற்றுக்குள் துறைமுகமும் வந்துவிடும் என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் மூன்று துறைமுக லோரிகள் நின்றன. "பாஸ், சோறு ஒரு பொட்டலம் கெடைக்குமா?" மனைவி திருப்பி அனுப்ப மனமில்லாமல் தங்களுக்கு வைத்திருந்த சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அவளும் ஆன்டியும் அன்று ரொட்டி சாப்பிட்டார்கள்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. படம் பிடிப்பவரை வைத்து எடுத்த அழகான படங்களை யாரும் பார்க்கவில்லை. வாளியில் ஆவி பறக்கும் ரசத்தை நான் கைப்பேசியில் ஆட்டத்தோடு எடுத்ததைப் பலர் பார்த்து, வாட்ஸ்அப் புலனத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எழுதிப் போடும் உணவுப் பட்டியலைவிட மனைவியின் குரல் செய்திக்குத்தான் பதில் வந்தது. அவள் எந்தக் குரல் செய்தியையும் "கேக்குதா?" என்றுதான் தொடங்குவாள். பதிவாகிப் போகப்போகும் ஒன்றில் யாரைக் கேட்கிறாள் என்று நான் அதை வெட்டப் பார்த்தேன். அதற்குள் வாடிக்கையாளர்களே பதிலுக்கு, "கேக்குதுக்கா, நல்லா கேக்குது" என்று அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். வெட்டாமல் விட்டேன். ஆகஸ்டில் நான்கு சனி ஞாயிறுகளில் மூன்று நிரம்பின. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு, பிரிக்பீல்ட்சில் ஒரு கல்யாணம், எண்ணூறு பேர், வாய்ப்பேச்சாக முடிவானது. அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரியது அது. அது நடந்தால் தீபாவளிப் பேச்சை எடுக்க வேண்டியதே இல்லை.

நான்காவது படிக்கு ஆகஸ்டு நடுவில் வந்தேன். இணையத்தில் ஒரு முன்பதிவுப் படிவம் செய்தேன். தொலைபேசியில் கேட்பவர்களுக்கு மனைவியே தன் கைப்பேசியில் அதை நிரப்புவாள். விசேஷம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, அந்த எண்ணுக்கு ஒரு செய்தி தானாகப் போகும்படி அமைத்தேன். படிவத்தில் 'என்ன விசேஷம்' என்று ஒரு கேள்வி. திருமணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள், புதுமனை என்று வரிசையாக எழுதி, அதன் கீழே 'பதினாறாம் நாள் காரியம்' என்றும் எழுதினேன். அந்தச் சமையலும் அவள் செய்வதுதான். பட்டியல் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவள் என் தோளுக்கு மேலிருந்து பார்த்துப் பதறிவிட்டாள். "ஐயோ, அத எடுங்க மொதல்ல! வளைகாப்பு இருக்கற எடத்துலயே அதப் போட்டு வச்சிருக்கீங்க. மாசமா இருக்கற புள்ள கை தவறி அதுல வச்சிட்டா?"

"கை தவறினா திரும்ப மாத்திக்கலாம்மா."

"மனசு மாத்திக்குமா? எடுங்க."

எடுத்தேன். சொல்லப்போனால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் ஒரே மேசையில் வைக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த இடத்தில் 'குடும்ப விருந்து' என்று போட்டோம். காரியத்துக்குக் கேட்பவர்களை அதில் சேர்த்துக்கொள்ளலாம், நமக்குத் தெரியும்தானே என்றாள். நமக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது. இது அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேருவில் நூற்று இருபது பேருக்குச் சமைத்தது ஒரு காரியத்துக்கு. படிவம் வந்த பிறகு முதல் காரியம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் ஒரு கொள்கலனின் எடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, தகப்பனைப் பறிகொடுத்த வீட்டு மூத்த மகனின் கைப்பேசிக்கு, பலூன்களும் மத்தாப்பும் பறக்கும் படத்தோடு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது: 'உங்கள் இல்ல விசேஷம் இனிதே நடந்தேறியதில் எங்களுக்கும் மகிழ்ச்சி! அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே அழையுங்கள். உங்களுக்காகப் பத்து விழுக்காடு தள்ளுபடி காத்திருக்கிறது.'

பத்தரைக்கு மனைவி போன் செய்தாள். வழக்கமாக அலுவலக நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

"என்னங்க, அந்த மெசேஜ்ல என்ன எழுதி வச்சிருந்தீங்க?"

நான் சொன்னேன். பாதி சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்த அண்ணன் வாய்ஸ் அனுப்பியிருக்காரு. 'அடுத்து யாரத் தூக்கறதுன்னு நீங்களே சொல்லிருங்க'ன்னு." அவள் குரல் உடைந்திருந்தது. "சாவு வீட்டுல போயிட்டு வரேன்னுகூடச் சொல்லாம வர்றவ நான். நேத்து சாப்பாட்ட எறக்கிட்டு, யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசாம வந்தேன். இப்ப மறுபடியும் கூப்புடுங்கன்னு பலூன் விட்டிருக்கோம்."

உடனே கணினியைத் திறந்து, தானாகப் போகும் செய்தியை நிறுத்தினேன். பிறகு ஒரு மன்னிப்புக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். நான்கு பத்தி வந்தது. சாப்பாட்டு நேரத்தில் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"மெசேஜ் அனுப்பித்தான் இந்த வம்பு" என்றாள். "இன்னொரு மெசேஜா? சாயங்காலம் நேர்ல போறோம். எப்படியும் வாளியும் டிரேயும் அங்கதான் இருக்கு, எடுக்கணும்."

மூன்று மணிக்கு மறுபடியும் அழைப்பு. இந்த முறை அழவில்லை, அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மேரு வீட்டில் யாரோ அந்தச் செய்தியைப் படம் எடுத்து, அவர்கள் குடியிருப்பின் பெண்கள் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தக் குழுவில் பிரிக்பீல்ட்ஸ் கல்யாணப் பெண்ணின் சித்தி இருக்கிறார். சித்தியிடமிருந்து பெண்ணின் அம்மாவுக்குப் போய், அவர் என் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"பலூனப் பத்தி ஒண்ணும் கேக்கல" என்றாள் மனைவி. "'நீங்க அந்த மாதிரி சாப்பாடும் செய்வீங்களாமே? ஒரே சட்டியா?'ன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆன்டி கூப்புடறாங்க, அப்புறம் பேசறேன்னு வச்சிட்டேன். ஆன்டி பக்கத்துலயேதான் நின்னாங்க."

ஐந்து மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பி, கடைக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். ஆன்டி வாசல்வரை வந்தார். "போயிட்டு வாங்கன்னு நான் சொல்லல" என்றார். "போங்க. அவ்வளவுதான்."

அது மேருவில் ஒரு வரிசை வீடு. தெருவோரம் பெரிய லோரி ஒன்று நின்றது. மகன் லோரிப் போக்குவரத்து நடத்துபவர், ஆறடிக்கு மேல் இருந்தார், மொட்டைத் தலை, இன்னும் வேட்டியில். எங்கள் பாத்திரங்களைக் கழுவித் துடைத்துக் கார் நிறுத்தும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். வெறும் நெற்றி.

"வாங்க பாஸ்" என்றார் மகன். "அடுத்த விசேஷம் எப்பன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

காரிலேயே தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தை நான் தொடங்கினேன். மனைவி என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டாள். "அண்ணே, தப்பு எங்களுது. கல்யாணம் காட்சிக்குப் போற மெசேஜ் அது. தானாப் போறது. உங்க வீட்டுக்குப் போகும்னு நாங்க நெனைக்கல."

"தானாப் போகுதுன்னா, யார் வீட்டுக்குப் போகுதுன்னு பாக்க ஒரு ஆள் வேணாமா?"

"வேணும் அண்ணே. பாக்கல."

அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அப்போது அவருடைய அம்மா கேட்டார். "எத்தன விழுக்காடுன்னு போட்டிருக்கு?"

"அம்மா, சும்மா இருங்க."

"ஏன்டா, கேக்கறதுல என்ன? எத்தன தம்பி?"

"பத்து, ஆன்டி" என்றேன். என்னைத் தம்பி என்று கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்று நினைவில்லை.

"பத்துதானா? அடுத்து எனக்குத்தான். பதினஞ்சு கேளுடா. பேரம் பேசாம விட்டா உங்கப்பா மேல இருந்து என்னைய ஏசுவாரு."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அவர் தோள் குலுங்கியது. என் மனைவி அந்த அம்மாவின் காலடியில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அந்த அம்மா அவளைத் தட்டிக்கொடுத்தார். "சாம்பார் நல்லா இருந்துச்சு புள்ள. புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "யாராச்சும் தேத்தண்ணி போடுங்கடி" என்று குரல் கொடுத்தார்.

தேநீர் வந்தது. மகன் ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் தணிந்திருந்தது, ஆனால் மறையவில்லை.

"பாஸ், ஒண்ணு சொல்றேன். அப்பா தவறி ரெண்டு நாள் கழிச்சு, காரியச் சாப்பாட்டுக்கு யார்கிட்ட சொல்றதுன்னு போன்ல தேடினேன். எந்தக் கடையத் தெறந்தாலும் பொண்ணு மாப்ள படம். பூ, விளக்கு, கேக்கு. இதுவும் செய்வீங்களான்னு அவங்ககிட்ட கேக்கவே எனக்கு வாய் வரல. கேட்டேன். ஒருத்தர் செய்யறதில்லன்னு வச்சிட்டாரு. ஒருத்தர், 'மொதல்லயே சொல்லக்கூடாதா, காலங்காத்தால'ன்னு ஏசினாரு. அப்புறம் யாரோ உங்க வீட்டுக்காரம்மா நம்பர் குடுத்தாங்க. நான் சொன்னேன், அவங்க, 'எத்தன பேருக்கு அண்ணே?'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் உங்களுக்குக் குடுத்தேன். அதே நம்பர்ல இருந்து இந்தப் பலூன் வந்தா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க."

நான் தேநீரைக் குடித்தேன்.

"குரூப்ல போட்டது என் தங்கச்சி" என்றார் அவர். "எடுக்கச் சொல்றேன். ஆனா பாத்தவங்க பாத்தாச்சு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பாத்திரங்களை அவரே தூக்கிக் காரில் வைத்தார். மனைவி வாசலில் தயங்கி நின்றாள், எப்படி விடைபெறுவது என்று தெரியாமல். அந்த அம்மா கவனித்துவிட்டார். "காரியம் முடிஞ்சாச்சு புள்ள. சொல்லிட்டே போகலாம்."

"வரேன் ஆன்டி" என்றாள்.

மேருவிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் சாலையில் தொழிற்பேட்டை விடும் நேரம், நல்ல நெரிசல். ஆலைப் பேருந்துகளின் நடுவே நகர்ந்துகொண்டிருந்தோம். அவற்றில் ஒன்றில்தான் அவள் முன்பு வேலைக்குப் போய்வந்தாள். அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

என் மனதில் ஒரு திட்டம் உருவாகியிருந்தது. அதை முறையாகச் சொன்னேன். காரியச் சாப்பாட்டுக்கு வேறு ஒரு பெயர், வேறு ஒரு கைப்பேசி எண், வேறு ஒரு பக்கம். கல்யாணக்காரர்களுக்கு இது தெரிய வேண்டியதில்லை, அது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வகுப்பில் இதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், வெவ்வேறு வாடிக்கையாளருக்கு வெவ்வேறு முகம் என்று. இல்லாவிட்டால், குறைந்தது இந்தத் தீபாவளி வரையிலாவது, காரியச் சாப்பாட்டை எடுக்காமல் இருக்கலாம்.

"ரெண்டு பேரு வச்சா, நான் ரெண்டு ஆளா?" என்றாள்.

"அப்படி இல்லம்மா. இது ஒரு முறை."

"சட்டி ஒண்ணு, கை ஒண்ணு, ஆன்டி ஒண்ணு. ரெண்டு நம்பர எடுத்துப் பேசப் போறதும் நான்தான். ஒண்ணுல கேக்குதாங்கணும், இன்னொண்ணுல கேக்காத மாதிரி இருக்கணுமா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த அண்ணனுக்கு வாய் வரலன்னாரு பாருங்க. நம்ம எழுதி வச்சிருந்தா அவரு வாயே தெறக்க வேண்டியதில்ல. நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க மொதல்ல சரியாத்தான் எழுதினீங்க."

இதை நாட்குறிப்பில் எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா பெருசா எழுதாதீங்க" என்றாள்.

"அந்தக் கல்யாணம் போயிட்டா?"

"போயிட்டா ஃபேக்டரி." அவள் இதை லேசாகச் சொல்லவில்லை. "மறச்சு வச்சு அந்தக் கல்யாணத்தப் புடிச்சாலும், பந்தியில யாராச்சும் சொல்லுவாங்க. நான் அன்னிக்கு அங்க கரண்டியோட நின்னுக்கிட்டிருப்பேன். அதவிட இது மேல்."

சிவப்பு விளக்கில் நின்றபோது, பெண்ணின் அம்மாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா, மத்தியானம் கேட்டீங்கல்ல. ஆமாக்கா, செய்யறோம். ஒரே சட்டிதான். எவர்சில்வர், தேய்ச்சுக் கழுவி எடுத்தா அது புதுசுதான். ஆனா உங்க மனசுக்கு ஒரு மாதிரியா இருந்தா தயங்காமச் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மறுமுனையில் பாத்திரம் உருட்டும் சத்தம். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் பெண்ணின் அம்மா. "என் மாமியார்தான். அவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"செய்யறாங்கன்னு சொல்லுங்கக்கா. கேட்டேன், மறைக்கலன்னும் சொல்லுங்க."

"சரி லா. பேசிட்டுச் சொல்றேன். ரெண்டு நாள் குடு."

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அவள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு நாள் என்றால் புதன்கிழமையா வியாழனா என்று என்னைக் கேட்டாள். நான் புதன் என்றேன். இரவு மிஞ்சிய கூட்டைச் சூடு செய்து சாப்பிட்டோம். அவள் தோளுக்குத் தைலம் தேய்த்தேன். சீக்கிரமே படுத்துவிட்டாள். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் வேலையாக இருவரும் சாப்பாட்டு மேசையில் கணினியில் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தோம். பட்டியலில் வளைகாப்புப் பக்கத்தில் வேண்டாம், அடியில் தனியாக இருக்கட்டும், ஆனால் எழுத்து சின்னதாக இருக்கக்கூடாது என்றாள். பூப்படம், நிறம், தள்ளுபடி ஒன்றும் கூடாது என்றாள். என்ன எழுதுவது என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன்: 'காரியச் சாப்பாடும் சமைத்துத் தருகிறோம். எத்தனை பேருக்கு என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நாங்கள் எந்தச் செய்தியும் அனுப்ப மாட்டோம்.' நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன், இன்னொரு முறை பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கத் தொடங்கியபோது அவள் என் கையிலிருந்து மவுஸை வாங்கித் தானே அழுத்திவிட்டு, பாசாருக்கு நேரமாகிறது, வெங்காயம் தீர்ந்துவிடும், கிளம்புங்கள் என்றாள்.